பழைய ஸ்கேட்போர்டுகள்: செய்தவர்களும் பார்த்துச் செய்தவர்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பழைய ஸ்கேட்போர்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "இது அசலா, போலியா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கவிழ்த்துப் பாருங்கள். பெயரையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டிவிடலாம். சக்கரமும் அச்சும் திருகுத் துளையும் மரத்தின் விளிம்பும் அவ்வளவு எளிதில் பொய் சொல்வதில்லை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் கலிபோர்னியாவைச் சுற்றியே இருக்கும். இந்தத் தொழில் வளர்ந்ததும், விழுந்ததும், மறுபடி எழுந்ததும் அங்கேதான்.

முதல் ஸ்கேட்போர்டைச் செய்த நிறுவனம் எது?

நிறுவனங்களுக்கு முன்பே பிள்ளைகள் செய்துவிட்டார்கள். ரோலர் ஸ்கேட் ஒன்றை இரண்டாகப் பிரித்து, முன்பாதியைக் கட்டையின் ஒரு முனையிலும் பின்பாதியை மறுமுனையிலும் ஆணியடித்துவிட்டால் வண்டி தயார். அதற்கும் முந்தைய தலைமுறை, அதே கட்டையின் மேல் ஒரு பழப்பெட்டியை நிறுத்திக் கைப்பிடி வைத்து ஸ்கூட்டராக ஓட்டியது. பெட்டி உடைந்து போன பிறகும் கட்டையை விடாமல் அதன் மேல் நின்று ஓட்டிய முதல் பிள்ளையின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. 1950களில் கலிபோர்னியாவின் கடற்கரை ஊர்களில், அலை மேல் பலகையில் நின்று சறுக்கும் சர்ஃபிங் இளைஞர்கள், அலை எழாத நாட்களில் இந்தக் கட்டைகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு நடைபாதைச் சர்ஃபிங் என்றே பெயர் வைத்தார்கள்.

தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்டுக் கடைக்கு வந்த முதல் பலகை என்று பெரும்பாலோர் ஏற்பது, ரோலர் டெர்பி நிறுவனம் 1959 வாக்கில் விற்றதைத்தான். ஒல்லியான, குட்டையான பலகை, எஃகுச் சக்கரம். நகல் என்ற சொல்லைக் கோபத்தோடு உச்சரிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது: முதல் நிறுவனமே தெருப்பிள்ளைகளின் கைவேலையைப் பார்த்துச் செய்ததுதான்.

'ட்ரக்' என்கிறார்களே, அது என்ன?

நம் காதுக்கு லாரி போல ஒலிக்கும். இங்கே அது பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் உலோகத் தாங்கி. ஒரு பலகைக்கு இரண்டு. அதில் ஒரு ரப்பர் துண்டு இருக்கும். ஓட்டுபவர் ஒரு பக்கம் சாய்ந்தால் ரப்பர் நசுங்கும், அச்சு திரும்பும், வண்டி அந்தப் பக்கம் வளையும். உடலைச் சாய்த்தே திருப்பும் இந்த ஏற்பாட்டை ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்ற அமெரிக்கர் 1863இல் ரோலர் ஸ்கேட்டுக்காகக் காப்புரிமை செய்தார். ஸ்கேட்போர்டு பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதன் இதயம் தயாராகிவிட்டது.

ஸ்கேட்போர்டுக்கென்றே வடிவமைத்த ட்ரக் வந்தது 1970களின் நடுவில்தான். ரான் பென்னெட்டின் ட்ரக்குகளும், 1975இல் தொடங்கிய டிராக்கர் நிறுவனத்தின் அகலமான ட்ரக்குகளும் வந்தன. பிறகு 1978இல் இன்டிபென்டன்ட் வந்தது. இவையெல்லாம் வருவதற்கு முன் சிகாகோ, ஷூர்-கிரிப் போன்ற ரோலர் ஸ்கேட் நிறுவனங்களின் ஒடுங்கிய ட்ரக்குகளே எல்லாப் பலகையின் கீழும் இருந்தன. எனவே 1960களைச் சேர்ந்தது என்று விற்கப்படும் பலகையின் அடியில் அகலமான வார்ப்பு அலுமினிய ட்ரக் இருந்தால், அது பிற்காலத்தில் மாற்றப்பட்டது. சந்தேகமே வேண்டாம்.

1960களில் பெயர் பெற்ற நிறுவனங்கள் யாவை?

நான்கு பெயர்கள் போதும்.

வேல் சர்ஃப், 1962இல் வடக்கு ஹாலிவுட்டில் திறந்த கடை. சர்ஃபிங் பொருட்கள் விற்க வந்தவர்கள், சிகாகோ ரோலர் ஸ்கேட் நிறுவனத்திடம் பேசி ட்ரக்குகளையும் சக்கரங்களையும் தொகுப்பாக வாங்கிப் பலகையில் பொருத்தி விற்றார்கள்.

மகாஹா. லாரி ஸ்டீவன்சன் என்பவர் தொடங்கியது. கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்தவர். சர்ஃபிங் இதழ் ஒன்றையும் நடத்தினார். பெயர் ஹவாயில் உள்ள ஒரு கடற்கரையுடையது. 1963இல் ஹெர்மோசா பீச்சில் ஒரு பள்ளி வளாகத்தில் ஸ்கேட்போர்டுப் போட்டி நடத்தியதும், ஓட்டுபவர்களை அணியாகச் சேர்த்ததும் மகாஹாதான். பலகையை விளையாட்டுச் சாமானாகப் பார்க்காமல் ஒரு விளையாட்டின் கருவியாகப் பார்த்த முதல் மனிதர் என்று ஸ்டீவன்சனைத்தான் சொல்வேன். இவரைப் பற்றிக் கீழே இன்னும் நிறைய வரும்.

ஹோபி. சர்ஃப் பலகை செய்வதில் பெயர் பெற்ற ஹோபி ஆல்டரின் பெயரைத் தாங்கியது. 1964இல் வீட்டா-பாக்ட் என்ற பழச்சாறு நிறுவனத்தோடு சேர்ந்து சூப்பர் சர்ஃபர் என்ற வரிசையைக் கொண்டுவந்தார்கள்.

கார்டன் அண்ட் ஸ்மித். சான் டியாகோவில் 1959இல் தொடங்கிய சர்ஃப் பலகைப் பட்டறை. கார்டன் குடும்பத்துக்கு வேறொரு தொழிலும் இருந்தது: அம்பு எய்யும் வில்லுக்கு ஃபைபர் கிளாஸ் தகடு செய்வது. மேப்பிள் மரத்தை நடுவில் வைத்து மேலும் கீழும் அந்தத் தகட்டை ஒட்டினால், மிதித்தால் வளைந்து, விட்டால் நிமிரும் பலகை கிடைக்கும். ஃபைபர்ஃப்ளெக்ஸ் என்ற பெயரில் 1960களின் நடுவில் அது வந்தது. அந்தத் தலைமுறைப் பலகைகளில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். மற்றவர்கள் கட்டையை வெட்டினார்கள்; இவர்கள் வில்லைப் படுக்க வைத்து அதன் மேல் ஏறி நின்றார்கள்.

நகல்கள் எப்போது வரத் தொடங்கின?

உடனே. 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் விளையாட்டுச் சாமான் கடைகளும் இரும்புக் கடைகளும் ஸ்கேட்போர்டு விற்றன. டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரிலிருந்து நாஷ் என்ற நிறுவனம் பெரிய அளவில் மலிவுப் பலகைகளை அனுப்பியது. பெயர் தெரியாத பட்டறைகள் இன்னும் எத்தனையோ. சர்ஃப் பலகை போன்ற கூர்முனை வடிவம், நடுவில் ஒரு கோடு, கடலை நினைவூட்டும் ஒரு பெயர்: இவை இருந்தால் பலகை விற்றுவிடும். கடலே பார்க்காத ஊர்ப் பிள்ளைகளும் வாங்கினார்கள்.

மேற்புறத்தைப் பார்த்துச் செய்வது எளிது. கீழ்ப்புறத்தில்தான் காசு மிச்சம் பிடித்தார்கள். தகரத்தை மடித்துச் செய்த ட்ரக், எஃகுச் சக்கரம், சாதாரண மரத்திருகு. எஃகு சாலையைப் பற்றிக்கொள்ளாது. ஈரத் தரையில் வழுக்கும்; பட்டாணி அளவுக் கல் குறுக்கிட்டால் சக்கரம் அங்கேயே நிற்கும், ஓட்டுபவர் மட்டும் முன்னே போவார்.

1965இல் எல்லாம் ஏன் சரிந்தது?

அந்த ஆண்டு மே மாதம் லைஃப் இதழின் அட்டையில் பாட் மெகீ என்ற இளம்பெண் ஸ்கேட்போர்டின் மேல் கைகளை ஊன்றித் தலைகீழாக நின்றார். அனஹைம் நகரில் நடந்த போட்டி தொலைக்காட்சியில் வந்தது. அதே ஆண்டின் இறுதிக்குள் சந்தை காலியாகிவிட்டது. எலும்பு முறிவுகள் பெருகின, மருத்துவர்கள் எச்சரித்தார்கள், ஊருக்கு ஊர் தெருவில் ஓட்டத் தடை வந்தது, கடைகள் கொடுத்த ஆர்டர்களைத் திரும்பப் பெற்றன. மகாஹாவும் அந்த அடியில் விழுந்தது.

மலிவு நகல்களே இந்த விளையாட்டைக் கொன்றன என்று சிலர் எழுதுவார்கள். என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. மகாஹாவும் ஹோபியும் பயன்படுத்திய களிமண் சக்கரம் எஃகை விட மேலானது, உண்மை. ஆனால் அதுவும் கல்லில் நின்றது, வளைவில் வழுக்கியது. நல்ல நிறுவனத்துக்கும் மோசமான நிறுவனத்துக்கும் இடையே இருந்த தூரம் அன்று ஒரு முழம்தான். பிரச்சினைக்கு விடை இரண்டு தரப்பிடமும் இல்லை.

களிமண் சக்கரம் என்றால் உண்மையிலேயே களிமண்ணா?

பெயர்தான் அப்படி. பொடிகளைப் பிசினோடு கலந்து அழுத்தி இறுக்கிய கலவை. உள்ளரங்கில், வழவழப்பான மரத்தரையில் ஓடும் ரோலர் ஸ்கேட்டுக்காக உருவானது. சொரசொரப்பான தார்ச்சாலையில் ஓட வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்ததல்ல.

என் மேசை மேல் ஒன்று இருக்கிறது. பழைய பேரீச்சம்பழத்தின் நிறம். அகலம் என் கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் விரல் வைத்தால் உடைந்த மண்சட்டியின் ஓரம் போல நறநறவென்கிறது. மேசை மேல் உருட்டினால் ஆட்டுக்கல் குழவியை இழுப்பது போன்ற ஓசை. நடுவில் குண்டுகள் தளர்வாக ஆடுகின்றன. பழைய சைக்கிளில் 'கோன்' இறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: அதிகம் இறுக்கினால் சுற்றாது, தளர்த்தினால் குண்டுகள் சிதறும். ஓட்டம் முடிந்ததும் குண்டு தேடித் தெருவில் தவழ்வது அந்தக் காலப் பிள்ளைகளின் அன்றாட வேலை.

எல்லாவற்றையும் மாற்றிய சக்கரம் எது?

யூரித்தேன் என்ற, ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கால் வார்த்த சக்கரம். இந்தக் கதையைச் சுருக்க எனக்கு மனம் வராது.

ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர் 1970இல் வர்ஜீனியா மாநிலத்தின் பர்செல்வில் ஊரில் கிரியேட்டிவ் யூரித்தேன்ஸ் என்ற பட்டறைக்குப் போகிறார். அங்கே ரோலர் ஸ்கேட்டுக்காக வார்த்த யூரித்தேன் சக்கரங்கள் இருக்கின்றன. மிருதுவாக இருப்பதால் வேகம் குறைவு. உள்ளரங்கில் வேகமாக ஓட நினைப்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நாஸ்வொர்தி அவற்றை எடுத்துப் பழைய பலகையில் மாட்டிப் பார்க்கிறார். தார்ச்சாலையில் அந்த மிருதுத்தன்மையே வரமாகிவிடுகிறது. கல் வந்தால் சக்கரம் அதை விழுங்கிக்கொண்டு மேலேறிப் போகிறது. வளைவில் தரையைப் பற்றிக்கொள்கிறது. சத்தமும் இல்லை.

பிறகு அவர் கலிபோர்னியாவின் என்சினிடாஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே எல்லோரும் இன்னும் களிமண்ணில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்கேட்போர்டுக்கென்றே சக்கரத்தை வார்க்கச் சொல்லி, 1973 வாக்கில் காடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். சொகுசுக் காரின் பெயர். ஓட்டமும் அப்படித்தான் என்று சொல்லும் பெயர். முதலில் சர்ஃப் கடைக்காரர்கள் தயங்கினார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன விளையாட்டுக்குப் புதுச் சக்கரம் எதற்கு என்று அவர்கள் நினைத்ததில் தவறில்லை. ஓட்டிப் பார்த்த பிள்ளைகள் அவர்களை மாற்றினார்கள். அதே ஊரில் பில், பாப் என்ற பான் சகோதரர்கள் ஃபைபர் கிளாஸ் பலகை செய்துகொண்டிருந்தார்கள். பான் பலகையும் காடிலாக் சக்கரமும் சேர்ந்தே விற்கத் தொடங்கின. 1975இல் டெல் மாரில் நடந்த பெரிய போட்டியும் இந்த இருவர் பெயரில்தான் நடந்தது.

இரண்டே ஆண்டில் யூரித்தேன் சக்கரம் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். இவர்களை நகல் செய்தவர்கள் என்பதா, மாணவர்கள் என்பதா? கொலராடோவின் கிரிப்டானிக்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். அவர்களும் யூரித்தேன்தான் வார்த்தார்கள். ஆனால் கலவையை மேம்படுத்தி, கடினத்தன்மையை நிறத்தால் பிரித்தார்கள்: சிவப்பு மிருது, நீலம் நடுத்தரம், பச்சை கடினம். சான்டா பார்பராவின் டாம் சிம்ஸ், சான்டா குரூஸின் என்எச்எஸ் என்று ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கூட்டினார்கள். பார்த்துச் செய்ததோடு நிற்காமல் கூடுதலாக ஒன்றைக் கொடுத்தவர்களை நான் நகல்காரர் என்று அழைப்பதில்லை.

பேரிங் பற்றியும் பேசுகிறார்களே?

1975இல் என்எச்எஸ் விற்ற ரோட் ரைடர் சக்கரத்தில் மூடிய பேரிங் வந்தது. டோனி ரோடரிக் என்பவர் கொண்டுவந்த யோசனை அது. தளர்ந்த குண்டுகளின் காலம் அத்தோடு முடிந்தது. இன்றும் எந்த ஸ்கேட்போர்டின் சக்கரத்தைக் கழற்றினாலும் 608 என்ற எண் கொண்ட பேரிங்தான் இருக்கும்: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., தடிமன் 7 மி.மீ. சிறு மோட்டார்களில் ஓடும் அதே பேரிங்.

காலத்தைக் கணிக்க இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. களிமண்ணும் தளர்குண்டும் இருந்தால் 1960கள், மிஞ்சினால் 1970களின் தொடக்கம். யூரித்தேனும் தளர்குண்டும் இருந்தால் 1970களின் முதற்பாதி. யூரித்தேனும் மூடிய பேரிங்கும் இருந்தால் 1975க்குப் பிறகு. மலிவுப் பலகைகள் மட்டும் சில ஆண்டுகள் பின்தங்கி, தளர்குண்டையே பிடித்துக்கொண்டிருந்தன.

பலகையின் பின்பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கிறதே, அதை யார் கண்டுபிடித்தார்?

மகாஹாவின் லாரி ஸ்டீவன்சன். சந்தை சரிந்து, எல்லோரும் கடையை மூடிவிட்டுப் போன பிறகும் அவர் போகவில்லை. ஸ்கேட்போர்டைப் பற்றி யாரும் பேசாத 1969இல் அமர்ந்து, வாலை மேல்நோக்கி வளைத்தார். 1971இல் காப்புரிமையும் கிடைத்தது. அந்த ஆவணம் வாலை ஒரு நெம்புகோலாக விவரிக்கிறது: காலால் மிதித்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். இன்று ஸ்கேட்போர்டில் செய்யப்படும் சாகசங்களில் பெரும்பாலானவை இந்த மிதியில்தான் தொடங்குகின்றன. 1970களின் இறுதியில் ஃபுளோரிடாவின் ஆலன் கெல்ஃபாண்ட் கைபடாமல் பலகையோடு எழும்பிய 'ஆலி'யும் சரி, அதிலிருந்து கிளைத்தவையும் சரி, வளைந்த வால் இல்லாமல் இன்றைய உருவத்துக்கு வந்திருக்காது.

யூரித்தேன் வந்து விளையாட்டு உயிர்த்தெழுந்ததும் எல்லா நிறுவனங்களும் வாலை வளைத்தன. ஸ்டீவன்சன் ராயல்டி கேட்டார். வெளிநாட்டிலிருந்து வந்து குவியும் பலகைகளைத் தடுக்கக் கோரி அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையம் வரை வழக்கைக் கொண்டுபோனார். 1970களின் இறுதியில், அந்தக் காப்புரிமை அவருக்குக் கைகொடுக்காமலேயே வழக்கு முடிந்தது.

சட்டம் தன் வழியில் பார்த்திருக்கலாம். ஆனாலும் இந்த வரலாற்றில் என்னை உறுத்தும் இடம் இதுதான். பாட் மெகீயின் படத்தைத் தெரிந்தவர்கள், ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக்கின் பெயரைத் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் மிதிக்கும் அந்த வாலை வளைத்தவரின் பெயர் சேகரிப்பாளர்களைத் தாண்டிப் போகவில்லை.

மகாஹா பலகைகளில் அசலை எப்படி அறிவது?

1960களின் மகாஹாவில் வால் தட்டையாக இருக்கும். வளைந்த வாலோடு களிமண் சக்கரமும் சேர்ந்திருந்தால் நிதானமாகப் பாருங்கள்; அது 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்த அரிய பலகையாகவும் இருக்கலாம், இரண்டு பலகைகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியதாகவும் இருக்கலாம். திருகுகளின் தலையைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். அறுபது ஆண்டுகள் அதே இடத்தில் இருந்த திருகு மரத்தில் தன் கறையை விட்டுவிடும். பளிச்சென்ற மரத்தில் துருப்பிடித்த திருகு இருந்தால், அந்தத் திருகு அங்கே பிறந்தது இல்லை.

செஃபிர் என்ற பெயர் ஏன் இவ்வளவு விலை போகிறது?

பலகையை விட அணிக்காக. சான்டா மோனிகாவில் ஜெஃப் ஹோ, ஸ்கிப் எங்ப்ளம், கிரெய்க் ஸ்டெசிக் ஆகிய மூவர் நடத்திய சர்ஃப் கடை அது. அவர்களின் கடை அணியில் இருந்த பிள்ளைகள் 1975இல் டெல் மார் போட்டிக்குப் போய், தரையோடு தரையாகக் குனிந்து, கையைத் தார்ச்சாலையில் ஊன்றி வளைந்தார்கள். மற்றவர்கள் நிமிர்ந்து நின்று நடனம் போல ஓட்டிக்கொண்டிருந்த காலம். போட்டி முடிந்ததும் பெரிய நிறுவனங்கள் ஓட்டுபவர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டன. அந்த அணியின் டோனி ஆல்வா 1977இல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். கடை நீண்ட நாள் நிற்காததால் அசல் செஃபிர் பலகைகள் மிகக் குறைவு. அந்தப் பெயரில் பின்னாளில் வந்த பலகைகளோ நிறைய. எனவே இந்தப் பெயரைக் கண்டால் பணப்பையைத் திறக்கும் முன் பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள்.

சிறிய பிளாஸ்டிக் பலகைகள் பழையவையா, புதியவையா?

இரண்டும் உண்டு. 1970களின் நடுவில் வார்ப்பு பிளாஸ்டிக் பலகைகள் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயின. பனானா போர்டு என்பது அவற்றில் பிரபலமான பெயர். விலை குறைவு, எடை குறைவு, நிறம் பளிச். தீவிரமாக ஓட்டுபவர்கள் அவற்றை மதிக்கவில்லை. அதற்குள் அவர்கள் அகலமான மரப்பலகைக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள்.

2010இல் ஆஸ்திரேலியாவின் பென் மெக்கே அதே சிறிய பிளாஸ்டிக் வடிவத்தை எடுத்து, நல்ல பிளாஸ்டிக், நல்ல ட்ரக், மிருதுவான சக்கரம் ஆகியவற்றோடு பென்னி என்ற பெயரில் கொண்டுவந்தார். நீளம் 22 அங்குலம். உலகம் முழுவதும் பரவியது. பரவிய வேகத்திலேயே அதன் சாயல்களும் வந்தன. இந்தியாவின் இணையக் கடைகளில் இன்று சின்ன பிளாஸ்டிக் பலகை எதற்கும் பென்னி போர்டு என்றே பெயர். பழைய பலகையைப் பார்த்து ஒருவர் நன்றாகச் செய்ய, அவரைப் பார்த்து நூறு பேர் மலிவாகச் செய்கிறார்கள். 1964இல் நடந்ததும் இதுவே.

மலிவான சாயலைக் கண்டுபிடிக்கச் சக்கரத்தை விரலால் சுண்டிவிடுங்கள். மூன்று சுற்றுக்குள் நின்றால் பேரிங் மோசம். பிறகு ட்ரக்கின் அடித்தளம் உலோகமா பிளாஸ்டிக்கா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள். பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் இந்த இரண்டு சோதனையையும் கடையிலேயே செய்துவிடுங்கள்.

இன்றைய ஏழடுக்கு மேப்பிள் பலகை யாருடையது?

கனடாவைச் சேர்ந்த வில்லி விங்கெல்ஸ் 1970களின் நடுவில் மேப்பிள் அடுக்குகளை ஒட்டிப் பலகை செய்தார்; சிம்ஸ் நிறுவனம் அதைப் பரப்பியது. ஓக், தேக்கு போன்ற முழுமரத்தில் அழகான பலகைகள் செய்த லோகன் குடும்பம் போன்றவர்களின் காலம் அதோடு மங்கியது. அகலமும் கூடியது: 1975இல் ஆறேழு அங்குலம், பத்தாண்டின் இறுதியில் பத்து அங்குலம். வறட்சியில் காலியாகக் கிடந்த நீச்சல் குளங்களிலும் புதிதாகக் கட்டிய கான்கிரீட் பூங்காக்களிலும் ஓட்ட அந்த அகலம் தேவைப்பட்டது. பூங்காக்கள் 1980ஐ ஒட்டிக் காப்பீட்டுச் செலவு தாங்காமல் மூடப்பட்டபோது தொழில் இரண்டாம் முறை விழுந்தது.

மண்டையோடு வரைந்த 1980களின் பலகைகள் எல்லாம் பவல்-பெரால்டாவா?

இல்லை, குழப்பம் இங்கேதான் அதிகம். பொறியாளர் ஜார்ஜ் பவலும், செஃபிர் அணியில் இருந்த ஸ்டேசி பெரால்டாவும் 1978இல் சேர்ந்தார்கள். அவர்களின் ஓவியர் வெர்னன் கோர்ட்லண்ட் ஜான்சன் வரைந்த எலும்புகளும் மண்டையோடுகளும் அந்தப் பத்தாண்டின் முகமாயின. கோட்டின் நேர்த்தியைப் பாருங்கள்: பல்லுக்குப் பல் நிழல் இருக்கும், மருத்துவப் பாடநூல் படம் போல.

பல்பொருள் அங்காடிகளுக்காகச் செய்தவர்கள் உடனே மண்டையோட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 1960களில் பார்த்த அதே நாஷ், எக்ஸிகியூஷனர் என்ற பலகையை விற்றது. வேரிஃப்ளெக்ஸ் போன்றவர்களும் அந்தச் சந்தையில் இருந்தார்கள். இந்தப் பலகைகளை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அசலை வாங்க வசதியில்லாத வீடுகளில் ஒரு தலைமுறையே எக்ஸிகியூஷனரில்தான் நிற்கக் கற்றது. இன்று அவர்களே தங்கள் முதல் பலகையைத் தேடி வாங்குகிறார்கள். அந்த ஏக்கத்தில் பொய் எதுவும் இல்லை.

வேறொரு வகைச் சாயலும் இருந்தது. அது வேண்டுமென்றே செய்த சீண்டல். விஷன் நிறுவனத்திலிருந்து வெளியேறிய மார்க் கொன்சாலஸ் 1989இல் தொடங்கிய நிறுவனத்துக்கு வைத்த பெயர் பிளைண்ட். விஷன் என்றால் பார்வை, பிளைண்ட் என்றால் குருடு. அவர்கள் பவலின் படங்களையும் விடவில்லை. டோனி ஹாக்கின் பலகையில் அலறும் பறவை மண்டையோடு இருந்தால், பிளைண்டில் ஜேசன் லீயின் பலகையில் அழிந்துபோன டோடோ பறவையின் மண்டையோடு வந்தது. உங்கள் காலம் முடிந்தது என்று பெரிய நிறுவனங்களிடம் சொன்ன படம் அது. இப்போது அந்தக் கேலிப் பலகையையும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

மறுபதிப்புப் பலகைக்கும் போலிக்கும் என்ன வேறுபாடு?

மறுபதிப்பு என்பது அசல் நிறுவனமே அல்லது உரிமை பெற்றவரே பழைய வடிவத்தில் மீண்டும் செய்வது. நேர்மையான பொருள். அதை 1980களின் பலகை என்று சொல்லி விற்பவர்தான் ஏமாற்றுகிறார். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மேற்புறம் தேய்ந்து, ஓரங்கள் அடிபட்டு, பார்க்க அச்சு அசலாக இருந்தது. வீட்டுக்கு வந்து ட்ரக்கைக் கழற்றியபோது நான்கு துளைகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு துளைகள் தெரிந்தன.

விஷயம் இதுதான். 1980களின் பலகையில் ட்ரக்கின் துளைகள் நீளவாக்கில் இரண்டரை அங்குல இடைவெளியில், அதாவது 63 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். 1990களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 54 மி.மீ.க்குக் குறைந்தது. மறுபதிப்பு செய்பவர்கள் பழைய ட்ரக்கும் புதிய ட்ரக்கும் பொருந்த வேண்டும் என்று பல நேரங்களில் இரண்டு வகைத் துளையும் போட்டுவிடுகிறார்கள். எனவே விற்பவரிடம் ட்ரக்கைக் கழற்றிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விலகிவிடுங்கள்.

சொரசொரப்புத் தாளையும் பாருங்கள். 1960களின் பலகைகள் வார்னிஷ் பூசிய வெறும் மரமாகவே விற்கப்பட்டன. காலுக்குப் பிடிப்புக் கொடுக்கும் தாள் 1970களில் வந்தது. "அப்படியே கடையிலிருந்து வந்த 1965 பலகை" என்று சொல்லி மேலே கறுப்புத் தாளும் ஒட்டியிருந்தால், அந்த இரண்டில் ஒன்று உண்மையில்லை.

பழைய பலகை கிடைத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

கூடாது. மென்மையான துணியால் தூசியைத் துடையுங்கள், அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டால் போவது அழுக்கு மட்டும் இல்லை. முத்திரை அச்சும் போகும். தேய்ந்த சக்கரத்தைக் கழற்றிப் புதிது மாட்ட விரும்பினால் பழையதை எறியாமல் ஒரு பையில் போட்டுப் பலகையோடு கட்டி வையுங்கள். துருப்பிடித்த நட் வரவில்லை என்றால் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். சுத்தியலை எடுக்காதீர்கள்.

அதை ஓட்டலாமா?

யூரித்தேன் சக்கரம் உள்ளது என்றால், மெதுவாக, தட்டையான தரையில் ஓட்டலாம். ஐம்பது ஆண்டு பழைய யூரித்தேன் சில நேரம் இறுகிக் கண்ணாடி போலாகிவிடும். சில நேரம் இளகிப் பிசுபிசுக்கும். நகத்தை அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் திரும்ப எழுந்தால் நல்லது. ட்ரக்கில் உள்ள ரப்பர் பெரும்பாலும் வெடித்திருக்கும், அதை மட்டும் மாற்றிவிடுங்கள்.

களிமண் சக்கரம் உள்ள பலகையில் ஏற வேண்டாம். சக்கரம் எப்போது சில்லாகப் பெயரும் என்று சொல்ல முடியாது. அதன் ஓட்டம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால், பலகையைக் கையில் பிடித்து, சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் ஓர் அடி தூரம் மெல்ல உருட்டுங்கள். உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறும் அந்த அதிர்வைத்தான் 1965இல் அவர்கள் பாதத்தில் வாங்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார்கள்.